பட்டன் இன்ஜின்

1971இல் அந்தமானின் மாயாபந்தரில் இன்ஜின் வைத்த டோங்கிப் படகுகள் நான்குதான். அதில் ஒன்று லூர்துநாதனாகிய என்னுடையது. நான்கு படகிலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். ஒன்றில் சாமான் போய்விட்டால், அன்று கரையில் நிற்கும் படகிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு போவோம். மெயின்லேண்ட் கப்பல் வரட்டும் என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

அப்படி இருக்கையில் அதே கம்பெனியின் புது மாடல் வந்து இறங்கியது. கிளப்புவதற்கு ஹேண்டில் சுற்ற வேண்டாம், பட்டனை அமுக்கினால் போதும். மற்ற மூன்று படகுக்காரர்களில் வேதநாயகம் முதல் ஆளாக வாங்கிப் பூட்டினான்.

“மச்சான், பக்கா மெஷின்! நீயும் மாத்திரு.”

“பேட்டரியில உப்புத்தண்ணி பட்டா உன் பட்டன் என்ன செய்யும்? அதுக்கு ஸ்பேர் மெட்ராஸ்லயே கிடையாது. போ வே.”

மற்ற இருவரும் மாறினார்கள். நான் அசைந்து கொடுக்கவில்லை. அவர்கள் கழற்றிப் போட்ட மூன்று பழைய இன்ஜினும் என் கொட்டகைக்கு வந்துவிட்டன. பத்து வருஷத்துக்குக் கவலையில்லை என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

வியாழன்தோறும் அக்கரைக் குடியிருப்புக்குக் கருவாடு விற்க என்னோடு வருகிறவள் என் மனைவி கிளாரா. அவள் மட்டும் ஒன்று கேட்டாள்.

“நீங்க சொல்லுதது எல்லாம் சரிதான். ஒங்களுக்கு ஒண்ணுன்னா இதை யாரு சுத்துவா?”

“எனக்கு என்ன ஆவப்போவுது?” என்று சிரித்தேன்.

அடுத்த மாதமே ஒரு வியாழக்கிழமை, அக்கரைக்குப் போகிற பாதி வழியில் டீசலில் தண்ணீர் கலந்து இன்ஜின் நின்றது. பத்தே நிமிடத்தில் சரிசெய்தேன். அந்தப் பெருமையோடு ஹேண்டிலைச் சுற்றினேன். அது எதிர்த்து அடித்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் இழுத்தது.

கிளாரா ஹேண்டிலைப் பிடித்தாள். அரைச் சுற்றுக்கு மேல் அது நகரவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தும் விடவில்லை. அந்த இன்ஜினில் எனக்குத் தெரியாத ஆணி கிடையாது. என்ன பிரயோஜனம்? பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. பாறை நெருங்கி ஆழம் குறைந்ததும் அவளே நங்கூரத்தைத் தூக்கிப் போட்டாள். நல்லவேளை, பிடித்துக்கொண்டது.

மாலையில் வேதநாயகம் எங்களைத் தேடி வந்து கயிறு கட்டி இழுத்துப் போனான்.

கட்டுப் போட்ட கையோடு போய்ப் புது இன்ஜினுக்கு ஆர்டர் கொடுத்தேன். பேட்டரியைப் பற்றியும் ஸ்பேரைப் பற்றியும் நான் சொன்னது இன்றைக்கும் சரிதான், எவனோடு வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் கிளாராவால் சுற்ற முடியாத இன்ஜின் இனி என் படகில் வேண்டாம்.

பூட்டிய அன்று, படகுத்துறையில் நாலு பேர் பார்க்க, பட்டனை அமுக்க இடது கையை நீட்டினேன். அவள் தட்டிவிட்டாள்.

“தள்ளுங்க. எனக்காவத்தான வாங்குனிய?”

தோல் உரிந்த தழும்பு மாறாத கையால் அவள் அமுக்கினாள். முதல் தடவையிலேயே கிளம்பியது.