கற்பூரச்சட்டி நேர்த்தி

என் அம்மா சத்தியபாமாவுக்குக் கோபம் வந்தால் மனிதர்களோடு மல்லுக்கட்டமாட்டார். நேரே அம்மனிடம் போய்விடுவார். கொழும்பில் நானும் கம்சிகாவும் சிநேகிதிகளாக அல்ல, சோடியாகத்தான் வாழ்கிறோம் என்று தெரிந்ததும் அதைத்தான் செய்தார். "நிருஜா, இது பாவம். அம்மாளாச்சி பொறுக்கமாட்டா" என்று தொலைபேசியில் அழுதார். பிறகு ஊரில், இறுப்பிட்டி அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தார். அந்தப் பெட்டை என்னை விட்டுப் போகவேண்டும் என்று தேருக்குக் கற்பூரச்சட்டி எடுப்பாராம்.

எனக்கு வந்த எரிச்சலுக்குத் தேர்ப்பக்கமே போவதில்லை என்றிருந்தேன். கம்சிகா கேட்கவில்லை.

"முழங்கால் ஏலாத மனிசி. வெயிலுக்கை விழுந்தா ஆர் தூக்கிறது? வாரும், போவம்."

தன்னைத் துரத்த வைத்த நேர்த்திக்குத் துணை போகிற ஒருத்தியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

தேருக்குப் பின்னால் பெண்கள் எரியும் சட்டிகளோடு நடந்தார்கள். அம்மா எங்களைக் கண்டும் காணாதவர்போல நடந்தார். மேற்கு வீதியில் முழங்கால் மடங்கிச் சட்டி சரிந்தது. நான் பாய்வதற்குள் கம்சிகா அதை அடியில் இருந்த வேப்பிலையோடு சேர்த்து ஏந்திவிட்டாள்.

"விடும்!" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இது என்னத்துக்கு வைச்ச நேர்த்தி எண்டு தெரியுமோ உமக்கு?"

"தெரியும் அம்மா. நான் போகவேணும் எண்டு. அதுக்காக அம்மாளின்ரை சட்டியை நிலத்திலை விழ விடேலுமே?"

அம்மா சட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மிச்ச வீதியைக் கம்சிகாதான் சுற்றினாள், சுடுமணலில், புகையில் கண் எரிய. அம்மா என் தோளைப் பிடித்தபடி அவளுக்குப் பின்னால் நொண்டி நொண்டி வந்தார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நேர்த்தி குறையில்லாமல் நிறைவேறுகிறதே! அம்மன் யார் பக்கம் நிற்கப்போகிறாள்?

தேர் வீதி சுற்றி முடித்து இருப்புக்கு வந்ததும் அம்மா வழக்கம்போல அர்ச்சனைத் தட்டை நீட்டினார். அதில் வீட்டாருக்கு மட்டும்தான் இடம். அப்பா போனபின் எங்கள் இருவர் பெயரும்தான். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார்.

"சத்தியபாமா, உத்தரம். நிருஜா, பூசம்."

ஐயர் உள்ளே திரும்பினார்.

"பொறுங்கோ ஐயா, இன்னும் ஒராள் இருக்கு."

அம்மா கம்சிகாவின் கரி பிடித்த கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உமக்கு என்ன நட்சத்திரம், பிள்ளை?"