பத்தொன்பது டின்களும் ஒரு மன்னிப்பும்

1

ஒரு கடிதத்தில் நான் விட்ட பிழையிலிருந்து வந்தது இந்தக் கதை. எழுத்துப் பிழையல்ல, பசறையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், எழுத்துப் பிழை விடமாட்டேன். திகதி வலப்பக்கம், விலாசம் இடப்பக்கம், 'ஐயா'வுக்குக் கீழே ஒரு கோடு. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாக லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்கு மனு எழுதித் தருகிறேன். அந்த ஒழுங்குதான் கலாராணியின் செடிகளுக்கு வினையானது.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

மார்கழிப் பனி மலைச்சரிவில் வெள்ளைப் போர்வையைப் போல —

அடித்துவிட்டேன். பனியைப் போர்வை என்கிறவன் இங்கே கம்பளி இல்லாமல் ஒரு நாள் படுத்துப் பார்க்கட்டும். அடுத்தது:

கலாராணி ஓர் ஏழைத் தொழிலாளி —

இதையும் அடித்தேன். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கொழுந்து எடுக்கிறாள். என்னை அண்ணே என்பாள். 'ஏழை'யைக் காட்டியிருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பாள்.

2

அவளுக்குச் சொந்தமான மண் முழுவதும் பத்தொன்பது டின்களில் இருக்கிறது. பால்மா டின், பெயின்ட் வாளி, அடியில் ஓட்டை போட்ட பழைய குக்கர் ஒன்று. (குக்கரையும் அவள் டின் என்றுதான் சொல்வாள். நானும் அப்படியே எழுதுகிறேன்.) பிகோனியா, பன்னம் என்கிற பெரணி, அந்தூரியம். குளிர்காற்று தொடங்கியதும் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் இருந்தவற்றை எல்லாம் குடியிருக்கும் அறையான காம்பராவுக்குள் தூக்கிவிடுவாள். இந்த வருடம் உள்ளே வெயிலில்லாமல், அடுப்புப் புகையில், நெருக்கியடித்து நின்ற செடிகளில் மாவுப்பூச்சி பிடித்தது. இலைக்கு அடியில், காம்பு பிரியும் இடுக்கில், பஞ்சு ஒட்டியதுபோல.

(இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். தோன்றட்டும்.)

தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவில் கொடுத்த அந்தூரியக் கன்றோடுதான் பூச்சி வந்தது என்றாள். வைத்த மூன்றாம் நாளே பார்த்தாளாம். தோட்டத்து ஸ்டோரில் கொஞ்சம் மருந்து கேட்டு எழுதச் சொன்னாள். எழுதினேன். பங்களாவை விட்டுவிட்டேன். தொரை வீட்டுச் செடியில் பூச்சி என்று எப்படி எழுதுவது? அதற்குப் பதிலாக, எல்லா மனுவிலும் போடுகிற வரியைக் கை தானாகப் போட்டது:

எனது கவனக்குறைவினால் பூச்சி பரவியமைக்குத் தாழ்மையுடன் மன்னிப்புக் கோருகிறேன்.

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: கேட்பதற்கு முன் மன்னிப்புக் கேள் என்றுதான் எங்களுக்குக் கடிதம் எழுதப் பழக்கினார்கள். லீவு, கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய், எதற்கும். என் மனுக்களில் யாரும் குற்றம் செய்ததில்லை. எல்லாரும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்.)

3

மருந்து வரவில்லை. செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. லயத்துக்குக் கீழே தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணை இருக்கிறது, பூச்சி அங்கே பரவிவிடுமாம். திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது ஒரு பூச்சி கண்டாலும் டின்கள் முழுவதும் அப்புறப்படுத்தப்படும். ஒப்பம், தர்மராசா, வெளிக்கள உத்தியோகத்தர்.

தர்மராசாவைக் கெட்டவராக எழுத ஆசைப்பட்டு ஒரு தடித்த மீசைகூட வைத்தேன். அவருக்கு மீசை கிடையாது. யாழ்ப்பாணத்தார், நிதானமானவர். நான் போனபோது கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். தவறணையில் பூச்சி கண்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். பிறகு என் கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பரவினது தன்ர பிழையெண்டு அவவே எழுதித் தந்திருக்கிறா. பிறகு நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது.

4

கலாராணியிடம் சொன்னேன். ஒரு பிகோனியா இலையைத் திருப்பிப் பிடித்தபடி கேட்டாள்.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு மன்னிப்புக் கேட்டீங்க?"

வழக்கம் என்றேன்.

"படிக்காம கையெழுத்துப் போட்டேன் பாருங்க, அதுதான் என் தப்பு. அதுக்கு வேணா ஒரு மனு எழுதுங்க, எனக்கே."

அன்றிலிருந்து வேலை. அந்தூரியத்தைத் தனியே பிரித்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வைத்தாள். பூச்சியைச் சுமந்து போவது எறும்பு என்பதால் ஒவ்வொரு டின்னையும் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் இடுக்கு இடுக்காகத் தொட்டெடுத்தாள். என்னைச் சோப்புத் தண்ணீர் கரைக்க வைத்தாள். நான் தூளை அள்ளிப் போட்டதும் கையைத் தட்டிவிட்டாள்.

"துணியா தொவைக்கிறோம்? எல கருகிரும் அண்ணே."

மூடுபனியில் நனைத்தால் இலை காயாமல் அழுகும். ஆகவே ஞாயிறு பதினொரு மணிக்கு மூடுபனி விலகும்வரை காத்திருந்து, வாசலில் வைத்துத் தெளித்தோம்.

5

இலை காயும்வரை இரண்டு முடிவுகளை அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

முடிவு அ: தர்மராசா வருகிறார். எல்லா இலையையும் திருப்புகிறார். ஒன்றுமில்லை. புன்னகைக்கிறார்.

முடிவு ஆ: பன்னத்தின் வேரடியில் ஒரே ஒரு பூச்சி. டின்கள் குப்பைக் குழிக்குப் போகின்றன. வாசிக்கிற நீங்கள் கலங்குகிறீர்கள், நான் நல்ல எழுத்தாளன் ஆகிறேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ரெண்டுலயும் அவரு பாத்துத்தானே முடிவு பண்றாரு. பூச்சி இருந்தாலும் டின்னு இங்கதான் இருக்கும். நான் தொடைப்பேன். பூச்சி இருக்குன்னு பங்களாவ யாராச்சும் காலி பண்ணச் சொன்னாங்களா? அத எழுதுங்க."

6

எழுதினேன். திகதி வலப்பக்கம்.

ஐயா,
எனது முந்திய கடிதத்திலுள்ள மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பூச்சி, பங்களாவில் தந்த அந்தூரியத்தோடு வந்தது. [தயவுசெய்து] அங்கும் பார்க்கவும். செடிகளைத் துடைத்து வருகிறேன், இனியும் துடைப்பேன். டின்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

அடைப்புக்குள் இருக்கும் சொல்லை எடுக்கச் சொன்னது அவள். இந்த முறை இரண்டு தரம் படித்த பிறகே கையெழுத்திட்டாள். 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' என்று தொடங்கப் போன என் கையை நானே பிடித்து நிறுத்தினேன். அடியில், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, 'எழுதியவர்' என்று போட்டு என் பெயரையும் வைத்தேன். அன்று மாலையே இருவரும் போய் அலுவலகப் பெட்டியில் போட்டோம்.

7

திங்கட்கிழமையை நான் எழுதப்போவதில்லை. தர்மராசா லயத்துப் படியில் ஏறி —

இல்லை. 

உங்கள் வீட்டு ஜன்னலோரத்தில் ஒரு பூச்சட்டி இருக்கும். குளிர்காலம்தானே, எழுந்துபோய் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருந்தால் பஞ்சை எடுத்துத் துடைப்பீர்கள். யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டீர்கள். அந்த ஈரக் கையோடு வந்து உட்கார்ந்து திங்கட்கிழமையை நீங்கள் எழுதுங்கள். தர்மராசாவுக்கு மீசை வேண்டுமென்றாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

டின்களை மட்டும் நகர்த்தக் கூடாது.