பால் மாட்சாவுக்கு வைத்த பெயர்

ஏப்ரல் மாதத்திலிருந்து இசோகாய் சுமியோ பின்வாசல் வழியாகத்தான் கடைக்கு வருகிறார். முன்வாசலில் வரிசை. உஜி ஆற்றுப் பாலம் வரைக்கும் நீளும் அந்த வரிசையைக் கண்டாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு வரும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ஃபோன். பச்சையும் வெள்ளையுமாக ஒரு டம்ளரை வாங்குவார்கள், முதலில் அந்த ஃபோனுக்குக் காட்டுவார்கள், நாலு பக்கமும் திருப்பிக் காட்டுவார்கள், ஐஸ் கரைந்த பிறகு ஞாபகம் வந்து தங்கள் வாயில் ஊற்றிக்கொள்வார்கள். நாக்கு எதற்கு இருக்கிறது என்று இவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தபால்தலை ஒட்டத்தான் என்று நினைத்திருப்பார்கள் என்பது அவருடைய முடிவு.

நாற்பது வருடமாக மினாமிதே தேயிலைக் கடையின் கலவைக்காரர் அவர். எந்தத் தோட்டத்து இலையோடு எந்தத் தோட்டத்து இலையைச் சேர்த்துத் திருகையில் அரைத்தால் என்ன ருசி வரும் என்று சொல்கிற ஆள். தினமும் காலையில் வெள்ளைக் கிண்ணங்களை அடுக்கி, இலைமேல் வெந்நீர் ஊற்றி, மோந்து, உறிஞ்சி, துப்புவதுதான் வேலை. அந்த நாக்குக்காக நாற்பது வருடம் பூண்டைத் தொடவில்லை. கல்யாணமான புதிதில் மனைவி ஆசையாகச் சமைத்த கறிச்சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்த புண்ணியவான். அந்த அம்மாள் இன்றைக்கும் தங்கை வீட்டுக்குப் போய்த்தான் கறிச்சோறு சாப்பிடுகிறாள்.

இவ்வளவும் செய்த மனிதருக்கு ஒரே ஒரு குறை. தேநீர்ச் சடங்கு சொல்லித்தரும் ஹகுசெய் பள்ளியின் பெரிய ஆசான் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில், இந்தக் கடைக்கு வருவார். கலவைக்காரர் கலந்ததைக் குடிப்பார். பிடித்தால் தூரிகை கேட்டு அதற்கு ஒரு பெயர் எழுதிக் கொடுப்பார். பெயர் வாங்கிய தூளும் அதைக் கலந்தவனும் இந்தத் தொழில் இருக்கிறவரை பேசப்படுவார்கள். இசோகாயின் கெட்டித் தேநீரை ஆசான் இரண்டு முறை குடித்திருக்கிறார். இரண்டு முறையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். இந்த நவம்பரில் மூன்றாவது முறை. மார்ச்சில் இசோகாய்க்கு ஓய்வு. இதை விட்டால் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்ன முதலாளி தொமோயாவுக்குப் பால் யோசனை வந்தது. டோக்கியோவில் நாலு வருடம் படித்துவிட்டு வந்ததில் அவனுக்குக் கிடைத்த ஒரே ஞானம் அதுதான். கடை முகப்பை இடித்து, அங்கே ஒரு நீள மேசை போட்டு, ஃபுயுமி என்கிற பெண்ணை வேலைக்கு வைத்து, பச்சைத் தேயிலைத் தூளைப் பாலில் கலக்கும் பால் மாட்சாவை விற்கப்போவதாக அறிவித்தான். பிறகு இசோகாயிடம் வந்து குழைந்தான்.

"இசோகாய் சான், பாலுக்குன்னு நீங்களே ஒரு தூள் கலந்து குடுங்க. உங்க கை பட்டாத்தான் நல்லாருக்கும்."

"மாட்டுப் பாலுக்கா, சின்னவரே?"

"மாட்டுப் பாலுக்குத்தான்."

இசோகாய் சரி என்றார். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் சரி சொன்னதில்லை என்பது தொமோயாவுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவர் குளிர்கிடங்கின் கடைசி மூலைக்குப் போனார். இரண்டாம் பறிப்பு இலை, இலையுதிர்காலத்து முரட்டு இலை, நிழல்துணி போடத் தாமதமாகி வெயில் குடித்துக் கசப்பேறிவிட்ட ஒரு தோட்டத்து இலை என்று, தம் கையாலேயே 'உதவாது' என்று எழுதி ஒதுக்கிய மூட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கினார். கசப்போடு கசப்பைச் சேர்த்தார். எது எதோடு சேர்ந்தால் கசப்பு நாக்கை விட்டு இறங்காது என்பதும் அவருக்குத் தெரியும் அல்லவா, அந்த வித்தையையும் காட்டினார். வெந்நீரில் கலக்கி ஒரு மடக்கு குடித்தபோது காதுமடல் வரைக்கும் கசந்தது. கழுதைகளுக்கு இது போதும், ஒரே மாதத்தில் மேசையைத் தூக்கிவிட்டு ஒழுங்காகத் தேயிலை விற்பார்கள் என்று திருப்தியாகத் துப்பினார்.

பால் என்ன செய்யும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தொட்டால் தீட்டு என்று இருந்தவருக்கு எப்படித் தெரியும்? பாலும் சர்க்கரையும் கசப்பின் கொம்பை ஒடித்துவிட்டன. மிச்சம் நின்றது தேயிலை. இரண்டாவது வாரம் ஃபுயுமி அவர் அறைக்கே வந்து குனிந்து வணங்கினாள்.

"நம்ம உசத்தித் தூளை வீட்டுல பால்ல போட்டுப் பாத்திருக்கேன், பெரியவரே. இருக்கிற இடம் தெரியாமப் போயிடுது. இது நின்னு பேசுது. பாலுக்குன்னே யோசிச்சுக் கலந்திருக்கீங்க."

இசோகாய் அவளை மேலும் கீழும் பார்த்தார். நாக்கு செத்த ஜனங்களுக்கு நாக்கு செத்த பரிமாறும் பெண், பொருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். வரிசை வளர்ந்தது. மாதாமாதம் அதே குப்பையை அதே அளவில் கலந்து கொடுத்தார். அவர்கள் கேட்டு வாங்கிக் குடிக்கக் குடிக்க, அவருக்கு அவர்கள்மீது இருந்த இளக்காரமும் ஏறிக்கொண்டே போனது.

நவம்பர் வந்தது. பெரிய ஆசானும் வந்தார். எண்பத்து மூன்று வயது, ஒல்லி உடம்பு, சாம்பல்நிறக் கிமோனோ. உள்ளறையில் தொமோயா ஒரு பக்கம், இசோகாய் ஒரு பக்கம் முழங்காலிட்டு உட்கார்ந்தார்கள். மூன்று கிழட்டுத் தோட்டங்களின் கைப்பறிப்பு இலை, ஏழு வருட யோசனை, அதைத் தம் கையாலேயே மூங்கில் மத்தால் பிசைந்து கெட்டித் தேநீராகக் கொடுத்தார் இசோகாய். ஆசான் மூன்றரை மடக்கில் குடித்தார். கிண்ணத்தைத் துடைத்து வைத்தார்.

"நல்லாருக்கு" என்றார்.

முன்பு இரண்டு முறை கேட்ட அதே வார்த்தை. தூரிகை பக்கத்திலேயே இருந்தது. அதை யாரும் தொடவில்லை. ஆசான் காலை நீட்டிச் சிரமப்பட்டு எழுந்தார், வெளியே என்ன கூட்டம் என்று தொமோயாவிடம் கேட்டார், அவன் நெளிந்துகொண்டே சொன்னதும் தமக்கும் ஒன்று வேண்டும் என்றார்.

இசோகாய்க்கு ஒரு குரூரமான ஆறுதல். சரி, இந்தக் கிழவரும் ஒரு வாய் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளிக்கட்டும், சின்னவன் மானம் போகட்டும். மேசைக்குப் பின்னால் ஃபுயுமி தூளைச் சலித்தாள், கொஞ்சம் வெந்நீரில் கட்டி தட்டாமல் அடித்தாள், பாலில் ஊற்றினாள். ஆசான் நின்றபடியே குடித்தார். நிறுத்தவில்லை. டம்ளரைக் கவிழ்த்து அடிவரைக்கும் குடித்துவிட்டு மேலுதட்டுப் பாலை நாக்கால் துழாவினார். பிறகு யார் கலந்தது என்று கேட்டார். இதோ, இவரேதான் என்று தொமோயா பல்லெல்லாம் தெரியச் சொன்னான்.

ஆசான் இசோகாயைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள குடுத்தீங்களே, அதை மூணு தடவை குடிச்சாச்சு. மூணு தடவையும் அது பிடிச்சிருக்கா, பிடிச்சிருக்கான்னு என்னையே கேட்டுக்கிட்டு இருக்கு. குடிக்கிறதா, பதில் சொல்றதா? இது யாரையும் கேக்கல. தைரியமாக் கசக்குது."

தூரிகையை மேசைக்கே கொண்டுவரச் சொன்னார். பால் சிந்தியிருந்த இடத்தைத் துடைத்துவிட்டுத் தாளை விரித்தார்கள். ஆசான் ஒரே மூச்சில் எழுதினார். 'மனமார்ந்த வரவேற்பு.' மை காயும் முன்பே, அந்தப் பள்ளியின் முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இந்தப் பேரை ஏத்துக்கறீங்களா?"

வேண்டாம் என்றால் விஷயம் அத்தோடு முடியும். இது உதவாத இலை, ஐயா, இவர்கள் துப்பிவிட்டு ஓட வேண்டும் என்று கலந்தேன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்ல வாயும் திறந்தார். நாற்பது வருடக் கனவு ஈர மையோடு கண்ணெதிரே கிடந்தது. வரிசையில் நின்ற அத்தனை ஃபோனும் அவரையே பார்த்தன. அந்த நிமிடம் அங்கே இருந்தவர்களில் யாரைவிடவும் தம்மைத்தான் அவர் கேவலமாக நினைத்தார்.

"ஏத்துக்கறேங்க" என்றார்.

இரண்டு கையாலும் தாளை வாங்கி நெற்றிக்கு உயர்த்தினார். வரிசை கைதட்டியது. தொமோயா அழுதேவிட்டான். பெயர் வாங்கியவர் அந்தப் பெயரோடு முதல் கிண்ணத்தை அடுத்த விருந்தாளிக்குத் தம் கையாலேயே கலந்து கொடுத்து வணங்க வேண்டும், அதுவும் அந்தப் பள்ளியின் முறை. ஃபுயுமி நகர்ந்து இடம் விட்டாள். இசோகாய் மேசைக்குப் பின்னால் போய் நின்று மத்தை எடுத்தார்.

அடுத்த விருந்தாளிக்கு இருபது வயதிருக்கும். தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தான், ஒரு காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்.

"பெருசு, எனக்குச் சக்கரை தூக்கலா."

பெரிய ஆசான் பார்த்துக்கொண்டே நின்றார். இசோகாய் சர்க்கரையை இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, டம்ளரை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.