கறுப்பு வெள்ளை எடிட்டர்

கொள்ளுப்பிட்டியில் இணையத்தளம் செய்து கொடுக்கும் அந்த அலுவலகத்தில் எல்லோருடைய திரையும் தேர் மாதிரி கலர்கலராக இருக்கும். திலக்ஷனுடையது மட்டும் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. ஸ்டைல்ஷீட், அதாவது பக்கத்தின் நிறத்தையும் எழுத்தையும் இடைவெளியையும் தீர்மானிக்கும் கோப்பு, அதை எழுதத்தான் அவனுக்குச் சம்பளம். அதற்கென்று எடிட்டர்களிலேயே, அதாவது கோப்பு எழுதும் மென்பொருள்களிலேயே, மிகச் சாதுவான ஒன்றை அவன் பிடித்து வைத்திருந்தான். பிழை விட்டால் அது சிவப்புக் கோடு கிழிக்காது. இத்தனையாம் வரியில் அரைப்புள்ளி இல்லை என்று கீழே சொல்லால் எழுதிக் காட்டும்.

கூட வேலை செய்யும் றொஹான் அதை அரசாங்கக் கந்தோரில் நிரப்பும் தாளோடு ஒப்பிட்டுக் 'கச்சேரிப் படிவம்' என்று நக்கலடிப்பான். அடிக்கட்டும், நக்கலால் யாருக்கும் வேலை போனதில்லை. ஆனால் குழுத் தலைவி நிருஷா சொன்னது நக்கல் இல்லை.

"திங்கக்கிழமையில இருந்து எல்லாரும் ஒரே எடிட்டர்தான் பாவிக்க வேணும். ஏலாதெண்டால் சொல்லுங்கோ திலக்ஷன், உங்களைக் கஸ்டமர் ரெலிபோன் கோல் எடுக்கிற பக்கம் மாத்தி விடுறன்."

"இது பழகின எடிட்டர், அக்கா," என்றான். பச்சையும் சிவப்பும் தன் கண்ணுக்கு ஒரே மண்ணிறம் என்பதை நான்கு வருடமாக மூடி மறைத்தவன் அவன். அலுவலக எடிட்டரில் பச்சை வரிகளுக்குள் சிவப்புப் பிழையைத் தேடியே பொழுது போய்விடும். அதனால்தான் கறுப்பு வெள்ளை எடிட்டரைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய மூன்று எண்களை மனப்பாடம் செய்து சமாளித்துக்கொண்டிருந்தான். நிறம் தெரியாதவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டுவிட்டால் என்ன பதில் சொல்வது?

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொட்டாஞ்சேனை பெயின்ற் கடை முதலாளி சிவானந்தன் தன் கடையின் இணையத்தளத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வந்தார். றொஹான் செய்த பக்கம் அது.

"எல்லாம் வடிவா இருக்கு. ஓடர் குடுக்கிற இடம் எங்க?"

"நடுவிலதான் ஐயா. பச்சைக்கு மேல சிவப்பில பெரிசா போட்டிருக்கு," என்றான் றொஹான்.

முதலாளி திரைக்குக் கிட்டப் போனார், எட்டப் போனார், சட்டைப்பையைத் தடவினார். "கண்ணாடியைக் கடையில விட்டிட்டு வந்திட்டன் போல."

இந்தப் பொய் திலக்ஷனுக்கு நல்ல பழக்கம். கண்ணாடியே போடாத அவனும் அதை இரண்டு தடவை சொல்லியிருக்கிறான். திரையை எட்டிப் பார்த்தான். நடுவில் அவனுக்கும் ஒன்றுமே தெரியவில்லை. சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அந்த மனிதர் எல்லோருக்கும் முன்னால் முழித்துக்கொண்டு நிற்பார்.

"எனக்கும் அங்க ஒண்டும் தெரியேல்ல," என்றான். "எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. என்னை மாதிரி ஆக்களுக்கு அது வெறும் சுவர்தான்."

யாரும் பேசுமுன் அவன் தன் எடிட்டரில் அந்தப் பக்கத்தின் ஸ்டைல்ஷீட்டைத் திறந்தான். எழுத்தின் மூன்று எண்களையும் 255 ஆக்கி வெள்ளையாக்கினான். பின்னணியின் எண்களைக் குறைத்து இருட்டாக்கினான். இரண்டே வரி, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"இங்கே ஓடர் பண்ணுங்கள்," என்று முதலாளி தூரத்தில் நின்றே வாசித்தார். பிறகு அவன் தோளில் கை போட்டுக்கொண்டார். "முப்பது வருசமா பெயின்ற் விக்கிறன் தம்பி. எல்லாம் டின்னில இருக்கிற நம்பரைப் பாத்துத்தான். வீட்டில மனுசிக்குக்கூடத் தெரியாது."

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்போடேயே ஒப்புதலிலும் கையெழுத்துப் போட்டார். திலக்ஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்கு வருடமாக இதற்கா பயந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டான். றொஹான் நாற்காலியை அவன் மேசைக்கு இழுத்து வந்து, "அந்த எடிட்டரை எனக்கும் போட்டுத் தா மச்சான்," என்றான்.

முதலாளியை வழியனுப்பிவிட்டு நிருஷா திரும்பி வந்தாள்.

"நீங்கள் உங்கட எடிட்டரையே பாவியுங்கோ, திலக்ஷன். திங்கக்கிழமையில இருந்து இன்னொரு வேலையும் உங்களுக்கு. நீங்கள் பாத்துச் சரியெண்டு சொல்லாமல் இந்த ஒஃபீஸில இருந்து ஒரு பக்கமும் வெளியில போகாது."