கால் எட்டாத வண்டி

ஊரில் யாருக்கு எவ்வளவு நீளக் கால் என்று கேட்டால் தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வங்கி மேலாளருக்கு இடது கால் வலது காலைவிடக் கொஞ்சம் குட்டை. அது மேலாளரின் மனைவிக்கே தெரியாது, தையல்காரருக்குத் தெரியும். விறைப்பாக நடக்கும் மருந்துக்கடைக்காரருக்கு உடம்பெல்லாம் முதுகுதான், கால் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படி ஊரார் காலையெல்லாம் இஞ்ச் டேப்பில் அளந்து பிழைக்கிற மனிதர், தன் காலை ஒரு தடவைகூட அளந்து பார்க்காமல், இருப்பதிலேயே உயரமான மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வந்து கடை வாசலில் நின்றார். நின்றார் என்பதுகூடத் தப்பு. நிற்க முடிந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அவசரத்தில் வாங்கிய வண்டி என்றாலாவது மன்னித்து விடலாம். தைக்கும் மெஷின் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, உலகத்தில் உள்ள அத்தனை பேரும் சேற்றிலும் மணலிலும் வண்டி ஓட்டுவதை வருஷக்கணக்கில் பார்த்தார். பார்த்ததோடு விட்டாரா? பேண்ட் தைக்க வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். பெரிய டேங்க்கும் இரண்டு பக்கமும் பெட்டிகளுமாக வருகிறதே, அது வண்டி இல்லையாம், வீடு மாற்றுகிற சாமானாம். மலையில் பந்தயம் விடுகிற வண்டியோ விளக்கு இல்லாதது, கண்ணாடி இல்லாதது, நம்பர் பிளேட் மாட்ட இடம்கூட இல்லாதது. வாங்கினால் தெருமுனையிலேயே போலீஸ் பிடித்து வைத்துக்கொள்ளும். இவருக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் உள்ளது. தார் ரோட்டில் சட்டப்படி ஓட வேண்டும், ரோடு முடிந்த இடத்திலும் நிற்காமல் ஓட வேண்டும்.

“ரோடு முடியற இடம் எங்க இருக்கு டெய்லர்?” என்று பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் கேட்டார். “உங்க கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல எனக்குத் தெரிஞ்சு ஒரு பேக்கரிதான் இருக்கு.”

“உங்களுக்கு என்ன தெரியும்? வண்டி வயித்துக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி இருக்குங்கறதுதான் முக்கியம். பாறை மேல ஏறினாலும் இடிக்காது.”

“பாறை எதுக்கு? நம்ம தெரு குழியே போதும்” என்றார் ஜெராக்ஸ்காரர்.

ரோடு முடிகிற இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. பழைய கல்குவாரிக்குப் பின்னால் ஒரு ஏரி. குவாரிவரை தார், அதற்கப்புறம் சரளைக் கல். பஸ் போகாது, ஸ்கூட்டர் திணறும். தையல்காரரின் மனைவிக்கு அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். புருஷன் துணியில் ஊசி குத்துகிறார், அவள் மனிதரில் குத்துகிறாள். இரண்டு பேருக்கும் ஊசிதான் சோறு போடுகிறது. வேலை முடிந்து வந்தால் மனிதர் முகமே இல்லாத ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பாள். வண்டி வாங்க அவள் தலையாட்டியதே அந்த ஏரிக்காகத்தான்.

“மொதல்ல என்னைத்தான் பின்னாடி உக்கார வைக்கணும். வேற யாரையும் ஏத்தினீங்க, தெரியும் சேதி” என்றாள்.

“உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?” என்று தையல்காரர் வீறாப்பாகச் சொன்னார். அன்றைக்கு அவருக்கு நிஜமாகவே வானம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஷோரூமில் இருந்த விற்பனையாளர் நல்ல ஆகிருதியானவர். சட்டைத் துணி வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பிடிக்கும் என்று தையல்காரர் பார்த்தவுடனே கணக்குப் போட்டுக்கொண்டார். “ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்” என்று சாவியைக் கொடுத்தவர், சாவியோடு வண்டியும் போய்விடக் கூடாதே என்று பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதுதான் ஷோரூம் வழக்கம். தையல்காரர் கடைத்தெருவைச் சுற்றினார், சிக்னலில் நின்றார், இரண்டு காலையும் ஊன்றி அக்கம்பக்கம் பார்த்தார். ராஜா மாதிரி இருந்தது.

“உயரம் ஓகேவா சார்?” என்று காதுக்குப் பின்னாலிருந்து கேட்டார் விற்பனையாளர்.

“எனக்கென்ன உயரம்!” என்றார் தையல்காரர். அந்த வார்த்தையைப் பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் தன் வாயைத் தானே தைத்துவிடலாமா என்று தோன்றும் அவருக்கு.

நம்பர் பிளேட் எல்லாம் மாட்டி வண்டி கைக்கு வந்த அன்று, ஷோரூம் படியில் காலை வைத்து ஏறி, உந்தி, ஜம்மென்று கிளம்பினார். கடை வாசலில் பிரேக் பிடித்தார். வலது காலை இறக்கினார். கால் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. தரை வந்தபாடில்லை. அடுத்த நிமிஷம் ஜெராக்ஸ்காரரின் விளம்பரப் பலகையைக் கட்டிப்பிடித்தபடி, வண்டியும் அவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

“என்ன டெய்லர், பலகை மேல இவ்வளவு பாசம்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எழுத்து அழிஞ்சிருக்கே, அதைப் பாக்கறேன்” என்றார். ஆளைப் பாருங்கள், விழப்போகிற நேரத்திலும் வாய் குறையவில்லை.

அன்றைக்கு எட்டின கால் இன்றைக்கு ஏன் எட்டவில்லை? இதுதான் அவருக்கு மண்டையைக் குடைந்தது. வண்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று போய்ப் பார்த்தார், அதே வண்டிதான். செருப்பா? அன்றைக்குப் போட்டிருந்த செருப்பைக் கட்டிலுக்கடியிலிருந்து தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார். ம்ஹூம். மெக்கானிக்கிடம் போய், ‘என் நண்பர் ஒருவருக்கு’ என்று ஆரம்பித்துக் கேட்டார். “எறக்கிக் குடுக்கலாம் சார், ஆனா தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி கொறைஞ்சிடும்” என்றார் மெக்கானிக். எந்த இடைவெளியைப் பற்றி ஊர் முழுக்க வாய் கிழியப் பேசினாரோ, அதே இடைவெளி! அதைக் குறைத்துக்கொண்டு ஜெராக்ஸ்காரர் முகத்தில் எப்படி முழிப்பது? நண்பரிடம் சொல்லிவிடுகிறேன் என்று கம்பி நீட்டிவிட்டார்.

அதற்கப்புறம் அவர் வண்டி ஓட்டிய லட்சணத்தை வெளியே சொல்ல முடியாது. நடைபாதை விளிம்பு எங்கெங்கே இருக்கிறதோ அங்கே மட்டும்தான் நிற்பார். விளிம்பு இல்லாத சிக்னல் என்றால், அது எப்போது பச்சையாகும் என்று தூரத்திலிருந்தே பார்த்துப் பார்த்து ஊர்ந்து வருவார். தப்பிப்போய் சிவப்பு விழுந்துவிட்டால் உயிர் போய் உயிர் வரும். ஒரு முறை பக்கத்தில் நின்ற வேனின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். வேன் டிரைவர் எட்டிப் பார்த்தார். “சும்மா, தூசி இருந்தது” என்று கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார் தையல்காரர். காட்டையும் மலையையும் அடக்க வாங்கிய வண்டி, நடைபாதை ஓரமாக நொண்டிக்கொண்டிருந்தது.

தனியாகவே இந்தப் பாடு. பின்னால் ஒரு ஆளையும் ஏற்றினால்? கல்ரோட்டில் அவளோடு சாய்ந்தால், அவள் கை கால் என்ன ஆகும்? ரத்தம் எடுக்கிற கை அது. பயந்தது நிஜம். ஆனால் அதை அவளிடம் சொல்ல வேண்டுமானால், எனக்குக் கால் குட்டை என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் நாக்கு எழும்பவில்லை. அதனால் வாராவாரம் ஒரு சப்பைக்கட்டு கட்டினார். புது எஞ்சின், பழகட்டும் என்றார். மழை வரும்போல இருக்கிறது என்றார். வெயில் அதிகம் என்றார். பின்சீட் இன்னும் கெட்டியாக இருக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்.

ஆரம்பத்தில் மனைவி சிரித்தாள். அப்புறம் கேட்பதைக் குறைத்தாள். அப்புறம் கேட்கவே இல்லை. அப்பாடா, மறந்துவிட்டாள் என்று இந்த மண்டு சந்தோஷப்பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போட்டுக்கொள்ளும் மேல்சட்டையைக் கொண்டுவந்து வெட்டுமேசைமேல் போட்டாள். “இதைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்க, தொளதொளன்னு இருக்கு.”

தையல்காரர் டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றினார். டேப் அவர் எதிர்பார்த்த இடத்தில் வந்து சேரவில்லை, தாண்டிப் போயிற்று. மறுபடி அளந்தார். இந்த இடுப்பை அவர் டேப் இல்லாமலே அறிவார்.

“என்னம்மா இது? உடம்பு சரியில்லையா? ஒழுங்கா சாப்பிடறியா இல்லையா?”

“ராத்திரி சாப்பாட்டை விட்டு ரொம்ப நாளாச்சு. நீங்க கவனிக்கல. காலைல நடக்கவும் போறேன்.”

“எதுக்கு?”

அவள் டேப்பின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். “எதுக்கா? கண்ணாடி பாக்கறவதானே நானும். என்னைப் பின்னாடி வெச்சுக்கிட்டு அந்த வண்டில போறதுக்கு உங்களுக்கு வெக்கமா இருக்கு. அதை வாய்விட்டு சொல்ல மனசு வராம எஞ்சின்ங்கறீங்க, மழைங்கறீங்க. கொஞ்சம் இளைச்சா கூட்டிட்டுப் போவீங்கன்னு பார்த்தேன், அவ்வளவுதான். விடுங்க. சட்டையைப் பிடிங்க.”

தையல்காரருக்கு யாரோ செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது. தன் கால் குட்டை என்று சொல்ல வெட்கப்பட்டு, இவளைப் பட்டினி போட்டிருக்கிறோம். அட பாவி, நீ உருப்படுவாயா என்று தன்னையே திட்டிக்கொண்டார். டேப்பை அவள் கையில் கொடுத்து, சுவரோரமாகப் போய்க் காலை அகட்டி நின்றார்.

“என்ன பண்றீங்க?”

“உள்கால் நீளம் அள.”

“எனக்கு அளக்கத் தெரியாது.”

“நரம்பு தேடத் தெரியுதுல்ல? இது அதைவிட சுலபம். அள.”

அவள் குனிந்து அளந்தாள். எண்ணைச் சொன்னாள். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் அளவுக்குக் கொஞ்சம் கீழே! பேண்ட்டைத் தரை கூட்டுகிற நீளத்துக்குத் தைத்துத் தைத்துத் தன்னையே ஏமாற்றி வந்திருக்கிறார்.

“எனக்குக் கால் எட்டலம்மா” என்றார். “வாங்கின நாள்லேர்ந்து எட்டல. நடைபாதையையும் அடுத்தவன் வண்டியையும் பிடிச்சுக்கிட்டுதான் நிக்கிறேன். உன்னை ஏத்தி, உன்னையும் சேத்துக் கீழ போட்டுடுவேனோன்னு பயம். அதுதான். சத்தியமா அது மட்டும்தான். உன்கூடப் போறதுக்கு எனக்கு என்ன வெக்கம்? என்கூட வர்றதுக்கு நீதான் வெக்கப்படணும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முதலில் கோபம் வந்தது, நல்ல கோபம். “இதைச் சொல்லவா இத்தனை மாசம்?” என்று டேப்பாலேயே தோளில் ஒன்று போட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கெளம்புங்க. இப்பவே போறோம். விழுந்தா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்.”

வீட்டுப் படியில் காலை ஊன்றி அவர் ஏறினார். படியிலிருந்தே அவளும் பின்னால் ஏறினாள். கடவுளே என்று கிளம்பியவர், முதல் சிக்னலில் சிவப்பைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு காலை இறக்கினார். பாதம் தரையில் பதிந்தது. அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அடுத்த காலையும் இறக்கிப் பார்த்தார். அதுவும் பதிந்தது.

“எட்டுதே!” என்று அவள் பின்னாலிருந்து சொன்னாள்.

“பயம் போச்சுன்னா கால் தானா எட்டும்” என்றார் தையல்காரர், கொஞ்சமும் கூசாமல். வழி முழுக்க, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தி நிறுத்திக் காலை ஊன்றினார். குவாரி தாண்டியதும் சரளைக் கல் தடதடத்தது. வண்டி அதைப் பொருட்படுத்தவே இல்லை. அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோலக் கத்தினாள். இத்தனை வருஷப் பாடத்தில் அந்த இடைவெளி விஷயத்தை மட்டும் அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார்.

ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றி, எஞ்சினை அணைத்தார். “இறங்கு” என்றார் கம்பீரமாக. அவள் குதித்து இறங்கினாள்.

அவள் இறங்கியதும் வண்டி மெல்ல மேலே எழும்பியது. அவர் கால் தரையை விட்டது. சைடு ஸ்டாண்டைத் தேடுவதற்குள் வண்டி வலப்பக்கம் சாய்ந்து, அவசரமே இல்லாமல், அவரையும் கூட்டிக்கொண்டு சரளையில் படுத்தது.

அவள் பதறி ஓடி வந்தாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மல்லாந்து படுத்தபடி வானத்தைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தார்.

“அந்த ஆளு!” என்றார். “ஷோரூம்ல அந்த ஆளு பின்னாடி உக்காந்திருந்தாரும்மா! நல்ல கனமான ஆளு! அதான் ஸ்பிரிங் அமுங்கி வண்டி எறங்கியிருக்கு, அதான் கால் எட்டியிருக்கு! பயமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இன்னிக்கு நீ உக்காந்தே, எறங்குச்சு. நீ எறங்கினே, நான் விழுந்துட்டேன்.”

“அப்போ நான் பட்டினி கெடந்தது?”

“தப்பு. என் தப்பு. இன்னும் கொஞ்சம் இளைச்சிருந்தா சிக்னல்லயே விழுந்திருப்போம்.”

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அப்புறம் சிரிப்பு வந்தது. நிற்க முடியாமல் சரளையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர வர. “இருக்கறதை இருக்கறபடி சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் நிம்மதியா போயிருக்கும்ல?” என்றாள். அவர் தலையை ஆட்டினார். வண்டியை இருவருமாகத் தூக்கி நிறுத்திவிட்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மனித முகம்கூட வரவில்லை.

ஒரு பாறைமேல் காலை வைத்து ஏறித் திரும்பினார்கள். கடைத்தெருவில் தையல்காரர் வேண்டுமென்றே நடைபாதையைவிட்டு விலகி, ஜெராக்ஸ் கடைக்கு நேராக நடுரோட்டில் நிறுத்தி, இரண்டு காலையும் ஊன்றினார்.

ஜெராக்ஸ்காரர் வெளியே வந்தார். “என்ன டெய்லர், இன்னிக்கு எதையும் பிடிக்காம நிக்கிறீங்க?”

“நிக்கிறேன்ல?” என்றார் தையல்காரர். தலையைத் திருப்பாமல், பின்னால் இருந்தவளுக்கு மட்டும் கேட்கும்படி, “நீ மட்டும் இப்ப எறங்கிடாதம்மா” என்றார்.

அவள் இறங்கவில்லை. வழியில் வண்டியிலிருந்து இறங்காமலே பேக்கரியில் வாங்கிய பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, நன்றாக அழுத்தி உட்கார்ந்தாள்.