இருபத்துமூன்று பேர் கொண்ட கும்பல்

மருந்துக் கிடங்கின் மாடியில் இருந்த கணினி அறைக்கு ஒரு துறை உண்டு. தகவல் கட்டமைப்புப் பாதுகாப்பு மற்றும் நம்பகத்தன்மைத் துறை. அதில் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் தலைவர், இன்னொருத்தி அவருடைய கொழுந்தியாள். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட மேஜை டிராயரைப் பூட்டிவிட்டுப் போகிற மனிதர் என்பதால், தலைவருக்குக் கீழ்த்தளத்தில் பூட்டு என்று பெயர்.

அன்று மாலைக்குள் கொழுந்தியாளின் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் பூட்டு கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அவளுடைய ஆறு மாத வேலை அத்தோடு சரி. "தங்கச்சி வேலை போச்சுன்னா நீங்களும் வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று மனைவி காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தாள். அக்காவும் தங்கையும் ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள் என்று அதையும் சந்தேகப்பட்டார்.

கையெழுத்துக்கு முன்னால் சர்வரை ஒரு அலசு அலசலாம் என்று கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையைத் திறந்தார். அதில் பேக்கேஜ் மேனேஜர் என்று ஒரு நிரல். கேட்ட கருவியைக் கொண்டுவந்து வைக்கும், வேண்டாமென்றால் எடுத்துப்போகும், யார் எப்போது எதைச் செய்தார் என்று ஒரு வரி எழுதியும் வைக்கும். வீட்டு ஃபிரிட்ஜை யார் எத்தனை முறை திறந்தார்கள் என்று குறித்து வைக்கிறவருக்கு அந்த ஒரு நிரலின்மேல் மட்டும் நம்பிக்கை.

முந்தின நாள் வரியில் கொழுந்தியாள் பெயர். ஒரு கருவி, கூடவே ஆறு.

"என்னம்மா இது?"

"எந்த புரோகிராம் நெட்டை எவ்வளவு இழுக்குதுன்னு காட்டும் அத்தான். சர்வர் நத்தையாட்டம் ஊர்ந்துச்சே, அதுக்குத்தான்."

"ஆபீஸ்ல அத்தான் கித்தான் கிடையாது. ஒன்னு கேட்டா ஏன் ஏழு வந்துருக்கு?"

"அது ஓட மத்ததும் வேணும் சார். நீங்க எங்க வீட்டுக்குத் தங்க வந்தா தனியாவா வர்றீங்க? மாத்திரை டப்பா, தலகாணி, டார்ச் லைட்டுன்னு தூக்கிட்டுத்தானே வர்றீங்க?"

பூட்டு சிரிக்கவில்லை. அவளைச் சாப்பிட அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார்.

கருவியை நீக்கினார். முனகாமல் போனது. இவ்வளவு சாதுவாகப் போகிறதென்றால் ஆளை உள்ளே விட்டுவிட்டுப் போகிறது என்று அர்த்தம். கூட வந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விரட்டினார். ஐந்து போயின. ஆறாவது புதிதாக வந்ததல்ல, ஏற்கெனவே அங்கே குடியிருந்ததன் புதிய பதிப்பு. அதையும் அந்த வரி சொல்லியிருந்தது. அவர் பெயரை மட்டும் படித்தார். அதை நீக்கச் சொன்னதும் டெர்மினல் ஒரு நீளப் பட்டியலைக் காட்டியது: இதை நம்பியிருக்கும் இருபத்துமூன்றும் சேர்ந்து போகும், தொடரலாமா?

"அடேங்கப்பா, இருபத்துமூணு பேரா! கும்பலாத்தான் உக்காந்திருக்கானுங்க" என்று சந்தோஷமாகத் தொடரச் சொன்னார்.

பத்து நிமிடத்தில் கிடங்கு மேஸ்திரி கதவைத் தட்டினார்.

"சார், பெட்டிக்கு ஒட்டுற லேபிள் அடிக்கவே மாட்டேங்குது. ரெண்டு லாரி நிக்குது. ஒரு டிரைவர் குறட்டையே விட ஆரம்பிச்சிட்டான்."

"நாசவேலை! எனக்கு அப்பவே தெரியும். யாரு செஞ்சதுன்னு இப்பவே காட்டறேன், நீயே சாட்சி."

டிபன் பாக்ஸோடு வந்த கொழுந்தியாளை உட்காரவைத்து வரியை எடுக்கச் சொன்னார். அவள் பார்த்தாள். கடைசி வரியில் அவருடைய பெயர், பக்கத்தில் நேரம், பிறகு அந்த ஆறாவதும் அதோடு போன இருபத்துமூன்றின் பெயர்களும். லேபிள் அடிக்கும் நிரல் ஒன்பதாவதாக இருந்தது. பூட்டும் பார்த்தார்.

"யாரும்மா எடுத்தது?" என்றார் மேஸ்திரி.

"முதல்ல லேபிள் வரட்டும்ணே."

அந்தப் பட்டியலையே வைத்து இருபத்துநான்கையும் திரும்ப நிறுவினாள். கீழே பிரிண்டர் கரகரத்தது. மேஸ்திரி படியிறங்கி ஓடினார்.

"ஏன் அவன்கிட்ட சொல்லல?" என்றார் பூட்டு, குரலைத் தாழ்த்தி.

"சொல்லி என்ன ஆகப்போகுது அத்தான்?"

அந்த அத்தானில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. இந்த முறை திருத்தவில்லை.

"அந்த வரியை அழிக்க முடியுமா?"

"முடியும். அழிச்சது யாருன்னு இன்னொரு இடத்துல எழுதிக்கும்."

பூட்டு டிராயரைத் திறந்தார். பிறகு தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். குறிப்புகள் என்ற கட்டத்தில் யோசித்து யோசித்து எழுதினார்: "மிகவும் நம்பத்தகுந்தவர். தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும்."