மேஜரின் முகம்

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கண்களைப் பற்றித்தான் பேசினார்கள். "அந்த நாய் பாக்கறதைப் பாருங்க, என்னையும் கூட்டிட்டுப் போன்னு கெஞ்சுது" என்றார்கள். ஒன்பது வயதுப் பெண் வரைந்ததா என்று வாயைப் பிளந்தார்கள். ஒன்பது வயதுப் பெண் வரையவில்லை. இருபத்தாறு வருடம் ஓவிய ஆசிரியையாகக் குப்பை கொட்டிய நான் வரைந்தேன். மூலையில் இருந்த பெயர் மட்டும்தான் அவளுடையது.

மினசோட்டாவில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு என்ன நன்றாக வரும் என்று எழுதித் தர வேண்டும். அந்தத் திறமையை ஊரில் உள்ள ஏதாவது தொண்டு அமைப்புக்கு அந்தப் பிள்ளை கொடுக்கும். பாட வருபவர்கள் முதியோர் இல்லத்தில் பாடுவார்கள். போன வருடம் ஒருவன் தனக்கு ஏப்பம் விடத்தான் வரும் என்று எழுதித் தந்தான். அவ்வளவு பெரிய குரலை வீணாக்குவானேன் என்று அவனை உணவு வங்கி விழாவில் அறிவிப்பாளன் ஆக்கினேன். இதையெல்லாம் என்னைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன், பெயரும் எனக்குத்தான் வந்தது.

இந்த வருடம் படம் வரையும் எட்டுப் பிள்ளைகளை நாய்கள் காப்பகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே அதிக நாள் கிடக்கும் நாய்களில் ஆளுக்கொன்று. நான்கு வெள்ளிக்கிழமை மதியம் கூண்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து வரைய வேண்டும். படங்களை நவம்பரில் நூலகத்து ஜன்னலில் மாட்டுவோம், பனி இறுகுவதற்குள் சில நாய்களுக்காவது வீடு கிடைக்கும் என்பது திட்டம். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் டுவேன் முன்பு சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர். "எனக்கு வேண்டியது வீடு, டீச்சர். படம் போட்டா வீடு கிடைக்கும்னா ஜன்னல் பூரா போடுங்க" என்றார்.

மாரிட்டுக்கு வந்தது மேஜர். பழுப்பு நிறத்தில் கன்றுக்குட்டி அளவு நாய். பதினான்கு மாதமாக அங்கே இருந்தது. பெயர்தான் மேஜர், வாளி உருண்டால்கூட நடுங்கும். யார் வந்தாலும் மூலையில் போய் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்ளும். டுவேன் சோறு வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் சாப்பிடும்.

மாரிட் வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். நாயிடம் பேசினாள். இரண்டாவது வெள்ளிக்கிழமை அவள் பின்னால் நின்று கேட்டேன். "இன்னிக்கு மத்தியானம் உருளைக்கிழங்கும் கறியும் வேகவெச்சது. பட்டாணிய நான் ஒதுக்கிட்டேன். பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைச்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் நாயைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

நான்காவது வெள்ளிக்கிழமை காப்பகத்திலிருந்து வகுப்புக்குத் திரும்பியதும் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பென்சில் படம். நாயின் முதுகு. எலும்பு எலும்பாக எழுந்து நிற்கும் தண்டுவடம், ஒடுங்கிய வால், சுவரோடு அப்பிய தோள். இடது காது மட்டும் பின்பக்கம், பார்ப்பவரை நோக்கித் திரும்பியிருந்தது. கீழே குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'இவன் திரும்ப மாட்டான். நேராகப் பார்க்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசுங்கள். காது மட்டும் உங்களிடம் வரும்.'

"முகம் எங்க, மாரிட்?"

"அவன் காட்டல மிஸ்."

"நாலு வாரத்துல ஒரு தடவைகூடவா?"

"ஒரே ஒரு தடவை காட்டினான். அது எனக்குக் காட்டினது."

பக்கத்தில் இருந்த பிரின் எட்டிப் பார்த்தாள். "ஐயே, மாரிட் நாயோட குண்டிய வரைஞ்சிருக்கா." வகுப்பே சிரித்தது.

"பயந்தா நீயும் சுவத்தைத்தான் பாப்ப" என்றாள் மாரிட். கோபப்படவில்லை. பென்சிலைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

மூன்றரைக்குப் பள்ளிப் பேருந்துகள் போய்விட்டன. எட்டுப் படங்களையும் மேசையில் பரப்பினேன். ஏழு நாய்கள் என்னைப் பார்த்தன, ஒன்று பார்க்கவில்லை. முதுகைப் பார்த்து எவன் நாய் வாங்குவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாயின் நன்மைக்குத்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். வெறும் சப்பைக்கட்டு. செய்தித்தாள்காரர் வருவதாக இருந்தது, தலைமையாசிரியர் வருவதாக இருந்தது. அதற்கும் மேலே இன்னொன்று, அதைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. அந்த முதுகில் ஓடிய கோடு மாதிரி ஒரு கோடு எனக்கு அந்த வயதில் வந்ததில்லை. இந்த வயதிலும் வரவில்லை. கை துறுதுறுத்தது.

ரப்பரை எடுத்தேன். நாய் காப்பகத்துக்கு வந்த அன்று எடுத்த புகைப்படம் என்னிடம் இருந்தது. இரண்டு பேர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கேமராவுக்கு மேலே பிஸ்கட்டை ஆட்டி எடுத்த படம் அது. அதைப் பார்த்துக் கழுத்தைத் திருப்பினேன், மூக்கு வைத்தேன், கண்ணில் பளபளப்பு வைத்தேன். ஒன்றே கால் மணி நேரம் ஆனது. கீழே இருந்த வரிகள் இப்போது படத்துக்குப் பொருந்தவில்லை. தாள் வெட்டும் கருவியில் வைத்து அந்தப் பட்டையை நறுக்கிக் குப்பையில் போட்டேன். மேல் மூலையில் இருந்த பெயரை விட்டுவைத்தேன்.

சனிக்கிழமை காலை நூலகத்தில் கூட்டம். சூடான ஆப்பிள் சாறு, வீட்டில் செய்த இனிப்புத் துண்டுகள், கோட்டுகளின் ஈர வாடை. மேஜரின் முன்னால்தான் நெரிசல். ஜோலின் என்ற பெண் தன் நான்கு வயது மகனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். பையன் கண்ணாடியில் விரலை வைத்து, "என்னைப் பாக்குது" என்றான்.

மாரிட் அம்மாவுடன் வந்தாள். படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். யாரோ அவள் தலையைத் தடவி, "பெரிய ஆளு நீ" என்றார்கள்.

"இது நான் வரைஞ்சது இல்ல" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அது போதுமான நேரம்தான். நான் சிரித்தேன். அவள் தோளில் கை போட்டேன். "இவளுக்கு எப்பவும் இந்தக் கூச்சம். நல்லா வந்தா தன்னோடதுன்னு ஒத்துக்கவே மாட்டா" என்றேன்.

எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள். "வீட்லயும் இப்படித்தான்" என்று அவள் அம்மாவும் சிரித்தாள். மாரிட் சிரிக்கவில்லை. தன் தோளில் இருந்த என் கையைப் பார்த்தாள். நான் எடுக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவிடம், "வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

திங்கட்கிழமை ஜோலின் வந்து மேஜரைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். மாரிட்டிடமும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அவங்க வீட்ல சின்னக் குழந்தை இருக்கா மிஸ்?"

"இருக்கு. நாலு வயசு. நாய்னா உயிராம்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொன்னாலும் நான் சிரித்து மழுப்புவேன் என்று தெரிந்திருக்க வேண்டும். பேசாமல் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் மதியம் டுவேன் என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கையில் பிடித்திருந்தார்.

"மேஜர் திரும்பி வந்துட்டான்."

"ஏன்?"

"அங்க போன நாள்லேருந்து சாப்பாட்டு மேசைக்கு அடியிலேயே கெடந்திருக்கான். நேத்து அந்தப் பொடியன் உள்ள தவழ்ந்து போயி, மூஞ்சிய ரெண்டு கையால பிடிச்சுத் திருப்பியிருக்கான். படத்துல பாத்த மாதிரி பாருன்னு. நாய் பொறுத்துப் பாத்திருக்கு, அப்புறம் கடிச்சிருச்சு. உதட்டுல மூணு தையல்."

பிள்ளைகள் உட்காரும் குட்டை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கடிச்ச நாய்ன்னு எழுதியாச்சு. பத்து நாள் தனியா வெக்கணும். அப்புறம் காப்பகக் கமிட்டி கூடி என்ன பண்றதுன்னு முடிவெடுக்கும்."

"என்ன முடிவு?"

"கடிச்ச நாய்க்குப் பெரும்பாலும் ஊசி போட்டு முடிச்சிருவாங்க" என்று ஜன்னல் பக்கம் பார்த்தார். "பையன் மேலயும் தப்பில்ல, நாய் மேலயும் தப்பில்ல. என் மேலதான். இது பயந்த நாய், சின்னப் பிள்ளை இருக்கற வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா படத்துல பாத்தேன் பாருங்க. அந்தப் பொண்ணுகிட்ட அப்படித் திரும்பிப் பாத்திருக்கான்னா மாறிட்டான்னு நெனச்சேன். படத்தை நம்பிட்டேன்."

அப்போதும் நான் சும்மா இருந்திருக்கலாம். அந்த மனிதர் பழியைத் தானே சுமந்துகொண்டு போயிருப்பார். சும்மா இருந்துவிடலாமா என்று நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"டுவேன், அந்த மூஞ்சி நான் வரைஞ்சது."

"ஏன்?" என்றார்.

"யாராவது கூட்டிட்டுப் போகட்டும்னு."

"கூட்டிட்டுப் போனாங்க" என்று தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "பொண்ணு வரைஞ்சது எங்க?"

அழித்ததைச் சொன்னேன். வெட்டி எறிந்த வரிகளையும் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், மறக்கவில்லை.

"பதினாலு மாசம் சோறு போட்டவன் நான்" என்றார் டுவேன். "அந்தக் காது விஷயம் எனக்கே தெரியாது. இதை அந்தப் பொண்ணு மறுபடி போட்டுத் தருவாளா கேளுங்க. கமிட்டிக்கு முன்னால வெக்க வேற ஒண்ணும் இல்ல எங்கிட்ட."

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னேன். பிரின்தான் முதலில் பேசினாள். "அப்போ மாரிட் பொய் சொல்லல."

"இல்ல. நான்தான் சொன்னேன்."

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏதோ பெரியவர்களின் அசிங்கத்தைக் கதவு திறந்து பார்த்துவிட்டதுபோல அவர்களுக்குத்தான் வெட்கமாக இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை எனக்கு.

அன்று மாலை மாரிட்டின் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் மகளிடம் குனிந்து, "நானும் சிரிச்சேன்ல" என்றாள். ஜோலின் வீட்டுக்கும் போனேன். வாசலில் நிறுத்தி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். உள்ளே பையன் வீங்கிய உதட்டோடு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். "நேர்ல வந்து சொன்னதுக்கு நன்றி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். எங்கள் ஊரில் அதைவிடக் கடுமையாக யாரும் திட்ட மாட்டார்கள்.

மாரிட்டிடம் கேட்கத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் கேட்டேன். "மறுபடி வரைஞ்சு தருவியா?"

"உங்களுக்கா?"

"மேஜருக்கு."

"அம்மாகூட போறேன் மிஸ். நீங்க வர வேணாம்."

நான் போகவில்லை. கமிட்டி கூடிய சனிக்கிழமை மட்டும் போனேன், என் பங்கை அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. மாரிட் தாளைக் கொண்டுவந்தாள். பழக்கதோஷத்தில் நான் வாங்கக் கை நீட்டினேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் டுவேனிடம் கொடுத்தாள். அதே முதுகு, அதே காது, அதே வரிகள். இந்த முறை கறுப்புப் பேனாவில்.

கமிட்டியில் இருந்த ஐந்து பேரும் தாளைக் கை மாற்றிப் பார்த்தார்கள். நெடுநேரம் வாதாடினார்கள். குழந்தைகள் உள்ள வீட்டுக்குத் தரக் கூடாது, அந்தப் படத்தை அந்த வரிகளோடு மாட்ட வேண்டும், ஊசி போடாமல் வசந்தம்வரை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. டிசம்பரில் ஒரு நாள், ஓய்வுபெற்ற தபால்காரப் பெண்மணி ஒருத்தி நூலக ஜன்னலில் அதைப் படித்துவிட்டு நேரே காப்பகத்துக்குப் போனாளாம். கூண்டருகே பக்கவாட்டில் நாற்காலி போட்டு, செய்தித்தாளின் மரண அறிவிப்புகளை ஒரு மணி நேரம் உரக்கப் படித்தாளாம். "காது வந்துச்சு டீச்சர்" என்றார் டுவேன். என்னிடம் அவர் பேசும் வாக்கியங்கள் அப்போது இவ்வளவு சிறியவையாகிவிட்டிருந்தன. மேஜர் இப்போது அவள் வீட்டில் இருக்கிறான்.

ஜூன்வரை மாரிட் என் வகுப்பில்தான் இருப்பாள். 'குட் மார்னிங் மிஸ்' என்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் பென்சிலைத் தொடுவதில்லை. பேனாவில்தான் வரைகிறாள். கோடு தவறினால் தவறிய கோடு அப்படியே நிற்கும்.

போன வாரம் நான் அலமாரியில் வண்ணத்தாள் அடுக்கிக்கொண்டிருந்தேன். பிரின் அவளிடம் கேட்டாள். "நீ மட்டும் ஏன் எப்பவும் பேனா?"

"அழிக்க முடியாதுல்ல" என்றாள் மாரிட்.

என் காதில் விழட்டும் என்று அவள் சொல்லவில்லை. நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. நான் தாள்களை மறுபடி முதலிலிருந்து அடுக்கினேன், மணி அடிக்கும்வரை திரும்பவில்லை.